கையைப் பிடித்து நீட்டிவிட்டால் போதுமா?

போன வருடம் ஒரு ராத்திரி அக்கா வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள். கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு பெட்டி, உள்ளே ஒரு குழந்தை படுத்திருக்கிறது, வெளியே நின்றுகொண்டு அதன் அப்பா பேசுகிறார், நாற்பது சிட்டிங் முடிந்ததும் என் பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்துவிட்டான் என்று. கீழே அக்கா எழுதியிருந்தாள்: "கடன் வாங்கியாவது போயிடலாமாடா? நீ கொஞ்சம் படிச்சுப் பார்த்துச் சொல்லு." அவள் மகனுக்கு அப்போது ஐந்து வயது. மூளை முடக்குவாதம், இடது கையும் இடது காலும் சொன்னபடி கேட்காது.

நான் டாக்டர் இல்லை. ஆனால் அன்றைக்கு ஆரம்பித்த படிப்பு இன்னும் முடியவில்லை, படித்ததில் பாதியாவது இந்த நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று தோன்றுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டி. காற்றழுத்தத்தைக் கூட்டி, சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கும் சிகிச்சை அது. ஆழ்கடலில் மூழ்கி வேகமாக மேலே வருபவர்களுக்கு உண்டாகும் பாதிப்புக்கும் ஆறாத சில புண்களுக்கும் நிஜமாகவே உதவுகிறது. மூளையில் காயம்பட்ட இடத்தைச் சுற்றி உறங்கிக் கிடக்கும் செல்களை இது எழுப்பிவிடும் என்ற நம்பிக்கையில் மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள். கனடாவின் கியூபெக்கில் இதை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். 3 முதல் 12 வயது வரை 111 குழந்தைகள். சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இயல்பைப்போல் 1.75 மடங்கு அழுத்தத்தில் முழு ஆக்சிஜன்; இன்னொரு பாதிக்கு 1.3 மடங்கு அழுத்தத்தில் வெறும் காற்று. இரண்டு தரப்புக்கும் 40 சிட்டிங். எந்தக் குழந்தைக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. முடிவு 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது: இரண்டு தரப்புக் குழந்தைகளும் முன்னேறினார்கள், கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு. காதுப் பிரச்சினைதான் ஆக்சிஜன் பக்கத்தில் அதிகம்.

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வீடியோவில் பேசிய அந்த அப்பா பொய் சொல்லவில்லை. அவர் மகன் நிற்கத்தான் செய்தான். ஆனால் பெட்டிக்குள் சாதாரணக் காற்று இருந்திருந்தாலும் அவன் நின்றிருக்கக்கூடும், ஏனென்றால் குழந்தை வளர்கிறது, அந்த இரண்டு மாதமும் ஒரு வீடே அவனைச் சுற்றி நம்பிக்கையோடு சுழல்கிறது, அளக்கும் நாளில் எப்படி நிற்க வேண்டும் என்பதும் அவனுக்குப் பழகிப்போகிறது. மூளை முடக்குவாத ஆராய்ச்சி முழுவதற்கும் இதுதான் பெரிய சிக்கல். எந்தச் சிகிச்சையை எடுத்தாலும் அதற்குப் பிறகு குழந்தை கொஞ்சம் முன்னேறியே இருக்கும். அது சிகிச்சையால் வந்ததா, வயதால் வந்ததா என்பதை ஒரு வீட்டிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது.

அப்படியானால் வழக்கமான கவனிப்பிலேயே குழந்தை பொதுவாக எவ்வளவு முன்னேறும் என்று தெரிந்தால்தானே ஒப்பிட முடியும்? கனடாவிலேயே, ஒன்டாரியோ மாநிலத்தில், மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதில் இறங்கினார்கள். முதலில் 1997இல் ராபர்ட் பாலிசானோவும் கூட இருந்தவர்களும் குழந்தைகளை ஐந்து நிலையாகப் பிரிக்கும் ஓர் அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். ரிப்போர்ட்டில் ஜி.எம்.எஃப்.சி.எஸ் என்று போட்டு ஓர் எண் எழுதியிருப்பார்களே, அதுதான். முதல் நிலைக் குழந்தை நடக்கும், ஓடும், கொஞ்சம் தடுமாறும். ஐந்தாம் நிலைக் குழந்தைக்குத் தலை நிற்பதற்கே தாங்கல் வேண்டும். பிறகு 657 குழந்தைகளை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப அளந்து, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வளர்ச்சிக் கோடு போட்டார்கள். பீட்டர் ரோசன்பாம் முன்னின்று செய்த இந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. முதல் நிலைக் குழந்தைகள் தங்களால் எட்டக்கூடிய உடலியக்கத்தில் 90 சதவீதத்தை ஏறக்குறைய ஐந்து வயதுக்குள் எட்டிவிடுகிறார்கள். ஐந்தாம் நிலையில் அது மூன்று வயதுக்கும் முன்னாலேயே நடந்துவிடுகிறது.

பெற்றோருக்கு இது படிக்கக் கஷ்டமான செய்திதான். என் அக்கா அந்தக் கோடுகளின் படத்தைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். இது ஒரு சராசரிக் கோடு, உன் பிள்ளை கோட்டுக்கு மேலேயும் இருக்கலாம், நடப்பது நிற்பது மட்டும்தான் இதில் இருக்கிறது, பேசுவதும் படிப்பதும் சிநேகிதம் பிடிப்பதும் இதில் இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். அன்றைக்கு அவள் காதில் ஏறவில்லை. ஆனால் "ஆறே மாதத்தில் நடக்க வைக்கிறோம்" என்று யாராவது பணம் கேட்டால், திருப்பிக் கேள்வி கேட்க இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோய் என்பதே சரியான சொல் இல்லை. வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில், கருவிலோ பிரசவத்தின்போதோ பிறந்த பிறகு சீக்கிரத்திலோ ஏற்பட்ட ஒரு பாதிப்பு, அதனால் அசைவிலும் நிலையிலும் வரும் குறை. மூளையிலுள்ள காயம் மேலும் பரவாது. ஆனால் உடம்பு வளர வளரத் தசை இறுகுவதும் எலும்பு திரும்புவதும் மாறிக்கொண்டே போகும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் மருத்துவர் வில்லியம் லிட்டில் இதை விவரித்தபோது, கஷ்டமான பிரசவமும் அப்போது மூச்சுத் திணறுவதும்தான் காரணம் என்றார். சிக்மண்ட் ஃபிராய்ட், ஆமாம் மனநல மருத்துவத்தில் பேர் வாங்கிய அதே ஃபிராய்ட், நரம்பியல் மருத்துவராக இருந்த காலத்தில் இதை மறுத்தார்: கருவிலேயே ஏதோ பழுதாகியிருந்தால் பிரசவமும் கஷ்டமாக அமையலாமே, எது காரணம் எது விளைவு என்று எப்படிச் சொல்வது? அவர் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1986இல் அமெரிக்காவின் கேரின் நெல்சனும் ஜோனஸ் எலன்பெர்க்கும் பல்லாயிரம் பிரசவங்களின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து, பிரசவ நேர மூச்சுத்திணறல் விளக்குவது ஒரு சிறு பங்கைத்தான் என்று காட்டினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் இன்னமும் "நீ அன்னிக்கு மாடிப்படி ஏறினியே", "சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கக் கூடாதா" என்று பெற்றவளைத்தான் குத்துகிறார்கள். அது அநியாயம்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி, தெரபி என்றால் தெரபிஸ்டின் கைதான். லண்டனில் பெர்டா போபாத், கரேல் போபாத் என்ற தம்பதி 1940களில் ஒரு முறையை உருவாக்கினார்கள். குழந்தையின் உடம்பை அனுபவமுள்ள கைகள் சரியான நிலையில் பிடித்து, தவறான அசைவைத் தடுத்து, இயல்பான அசைவை உணர வைத்தால் மூளை அதைக் கற்றுக்கொள்ளும் என்பது அவர்கள் எண்ணம். குழந்தையைக் கட்டிலோடு கிடத்தி வைத்திருந்த காலத்தில் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை மறக்கக் கூடாது. உலகம் முழுக்கப் பரவியது, நம்மூர் பிசியோ சென்டர்களிலும் அதன் சாயல் இருக்கிறது. இன்னொரு பக்கம் பிலடெல்பியாவில் டோமன், டெலகாட்டோ என்பவர்களின் முறை: பல பேர் சேர்ந்து குழந்தையின் கை, கால், தலையைப் பிடித்துத் தவழ்வது போல ஆட்டிக்கொண்டே இருப்பது, ஒரு நாளைக்குப் பல தடவை. இதற்கு ஆதாரம் இல்லை, குடும்பத்தைப் பிழிந்தெடுத்துவிடும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1968, 1982, 1999 என மூன்று முறை அறிக்கை விட்டும், அது முற்றாக ஒழியவில்லை.

இரண்டிலும் பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். அசைவு பெரியவர்களுடையது, குழந்தை அதை வாங்கிக்கொள்கிறது.

இந்தப் போக்கை உடைத்த ஆராய்ச்சி வந்த வழி விசித்திரமானது. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் குரங்குகளின் ஒரு கையிலிருந்து மூளைக்குப் போகும் உணர்வு நரம்பை வெட்டினார். தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு அப்படியே இருந்தும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டது. நல்ல கையைக் கட்டிப்போட்டபோது, பசிக்கு வேறு வழியில்லாமல், விட்டுவிட்ட கையை நீட்டியது. ஆக, கை செயலிழந்து போனது மட்டும் விஷயமில்லை, முயன்று தோற்று, முயல்வதையே கைவிட்டதும் சேர்ந்திருக்கிறது. அவர் ஆய்வகத்தில் குரங்குகள் இருந்த நிலையை 1981இல் விலங்குரிமைக்காரர்கள் வெளிக்கொண்டுவந்து பெரிய வழக்கானது, அந்த வேதனை இந்த அறிவோடு ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறது. பிறகு பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கும், அதன்பின் ஒருபக்கம் பாதித்த குழந்தைகளுக்கும் இதே வழியைப் பின்பற்றினார்கள். நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, மற்ற கையால் விளையாட வைப்பது.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. பக்கவாதம் வந்த பெரியவருக்கு அந்தக் கை ஒரு காலத்தில் வேலை செய்தது. என் அக்கா மகனுக்கு இடது கை என்று ஒன்று இருப்பதே பல நேரம் நினைவில் இருக்காது, மறந்த கையல்ல அது, அறிமுகமே ஆகாத கை. அதோடு வாழ்க்கையில் பெரும்பாலான வேலைக்கு இரண்டு கையும் சேர வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கார்டனின் குழு அதனால் இரண்டு கையும் சேர்ந்தால்தான் முடியும் என்கிற விளையாட்டுகளாகவே ஒரு பயிற்சியை அமைத்தது. 2011இல் 42 குழந்தைகளிடம் நல்ல கையைக் கட்டும் முறையையும் இதையும் ஒப்பிட்டார்கள். தலைக்கு 90 மணி நேரம், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், முகாம் மாதிரி. இரண்டு தரப்பும் கையில் ஒரே அளவுக்குத் தேறியது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, கையைக் கட்டுவதா வேண்டாமா என்பதைவிட அந்த 90 மணி நேரத்திலும் முயன்றது யார் என்பதுதான். குழந்தை.

எங்கள் வீட்டில் இது வந்து நின்றது ஒரு டிபன் பாக்ஸில். பள்ளியில் டிபன் பாக்ஸைத் தானே திறக்க வேண்டும், இதுதான் அவன் சொன்ன ஆசை, நாங்கள் சொன்னதல்ல. எவர்சில்வர் டப்பா, பக்கத்துக்கு ஒரு கிளிப். வலது கையால் கிளிப்பை நெம்பினால் டப்பா மேசையில் வழுக்கிக்கொண்டு ஓடும். தெரபிஸ்ட் செய்தது இவ்வளவுதான்: முதலில் அடியில் ஈரத்துணி போட்டார், இடது முன்கையை டப்பாமேல் சும்மா வைக்கச் சொன்னார். அப்புறம் துணியை எடுத்தார். அப்புறம் கிளிப்பை இறுக்கமாக்கினார். தினமும் வீட்டில் அரை மணி நேரம், உள்ளே ஒரு கடலைமிட்டாய். நான் ஒரு நாள் பொறுக்காமல் கை நீட்டினேன். "மாமா, நீ தொடாத. நானே." வியர்த்து வழிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நாலு நிமிஷம் போராடித் திறந்தான். இடது கட்டைவிரல் டப்பா விளிம்பில் அழுந்தி வெளுத்திருந்தது. அந்த விரல் எதையும் அழுத்திப் பிடித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

இது ஒரு வீட்டுக் கதை, ஆதாரம் ஆகாது, மேலே சொன்ன காரணத்துக்காகவே. ஆதாரங்களை ஒன்றாகத் திரட்டியவர் ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக். 2013இல் அவர் குழு 64 சிகிச்சைகளை எடுத்து டிராஃபிக் விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு போட்டது. எந்தச் சிகிச்சை எந்தப் பலனுக்கு என்று பிரித்துப் பார்த்ததில் பச்சை கிடைத்தது 16 சதவீதம்தான். பச்சையில் இருந்தவை: குழந்தையே தேர்ந்த இலக்கை வைத்துச் செய்யும் பயிற்சி, மேலே சொன்ன இரண்டு கைப் பயிற்சிகள், முறையாகத் திட்டமிட்ட வீட்டுப் பயிற்சி, உடல்தெம்புக்கான பயிற்சி, இறுக்கத்தைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி, மாவுக்கட்டு, இடுப்பு எலும்பைக் கண்காணிப்பது. சிவப்புப் பக்கம் ஆக்சிஜன் பெட்டி இருந்தது. போபாத் முறையின் பழைய வடிவமும் இருந்தது, அது வெளியானபோது தெரபிஸ்டுகள் நடுவில் பெரிய சண்டையே நடந்தது. நாங்கள் இப்போது செய்வது அந்தப் பழைய முறை இல்லை என்று அவர்களில் பலர் சொன்னதிலும் நியாயம் உண்டு. போட்டாக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை: ஊசியின் பலன் சில மாதங்கள்தான், அந்த நேரத்தில் பயிற்சியும் சேர்ந்தால்தான் அர்த்தம். ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் காசுதான் கரையும்.

அந்தப் பட்டியலில் கண்ணுக்கே தெரியாமல் இருப்பது இடுப்புக் கண்காணிப்பு, ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் மேலாகப் படுவதும் அதுதான். தசை இறுக்கத்தால் தொடை எலும்பின் பந்து மெல்ல மெல்லக் குழியை விட்டு நழுவும், ஆரம்பத்தில் வலியே இருக்காது, தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். தெற்கு ஸ்வீடனில் 1994 முதல் எல்லாக் குழந்தைகளையும் பதிவு செய்து, குறிப்பிட்ட இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்து, நழுவத் தொடங்கும்போதே சிறிய அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்கு முன்பு பத்தில் ஒரு குழந்தைக்கு இடுப்பு முழுதாக நழுவிக்கொண்டிருந்தது, அது கிட்டத்தட்ட இல்லாமலே போனது. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. ஓர் எக்ஸ்ரே, ஒரு நோட்டு, மறக்காத ஓர் ஆள்.

எப்போது ஆரம்பிப்பது என்பதிலும் ஆராய்ச்சி நிறைய நகர்ந்திருக்கிறது. "ஆண் குழந்தை லேட்டாத்தான் நடக்கும், பொறுங்க" என்று சொல்லியே ஒன்றரை, இரண்டு வயது ஆகிவிடும். ஹைன்ஸ் பிரெக்டல் என்ற ஆஸ்திரிய மருத்துவர் பச்சைக் குழந்தைகள் மல்லாந்து கிடக்கும்போது செய்யும் தன்னிச்சையான அசைவுகளைப் படம்பிடித்துப் பல ஆண்டு பார்த்தார். மூன்றிலிருந்து ஐந்து மாதம் வரை கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எல்லாம் சின்னச் சின்னதாகத் துறுதுறுவென்று அசைந்துகொண்டே இருக்கும். அந்தத் துறுதுறுப்பு இல்லாத குழந்தைக்கு மூளை முடக்குவாதம் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று 1997இல் அவர் குழு வெளியிட்டது. பார்க்க வேண்டியது சில நிமிட வீடியோதான், குழந்தை விழித்து, அழாமல், பொம்மை எதுவும் இல்லாமல் படுத்திருக்க வேண்டும், பயிற்சி பெற்றவர் பார்க்க வேண்டும். இதோடு ஸ்கேனும் நரம்புப் பரிசோதனையும் சேர்த்தால் ஆறு மாதத்துக்கு முன்பே பெரும்பாலும் சொல்லிவிட முடியும் என்று 2017இல் பல நாட்டு வல்லுநர்கள் எழுதினார்கள். குறைமாதமாகப் பிறந்தோ, பிறந்தவுடன் வலிப்பு வந்தோ ஐ.சி.யூவில் இருந்து வந்த குழந்தை என்றால் காத்திருக்காதீர்கள். தமிழ்நாட்டில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கின்றன, அங்கே போய்க் கேளுங்கள்.

வராமல் தடுப்பதில் கிடைத்த வெற்றிகளைப் பற்றி நம் பத்திரிகைகள் அதிகம் எழுதுவதில்லை. முன்னே சொன்ன கேரின் நெல்சன், 1995இல் இன்னொன்றைக் கவனித்தார்: பிரசவத்தின்போது வேறு காரணத்துக்காக மெக்னீசியம் சல்பேட் போடப்பட்ட தாய்மாரின் எடை குறைந்த குழந்தைகளுக்கு இந்தப் பாதிப்பு குறைவாக இருந்தது. கர்ப்பிணிகளுக்கு வரும் வலிப்புக்கு அரசு ஆஸ்பத்திரியிலேயே போடும் மலிவான ஊசி அது. 2008இல் 2,241 பெண்களிடம் நடந்த அமெரிக்கச் சோதனையில், குறைப்பிரசவத்துக்கு முன் அது போடப்பட்டபோது நடுத்தர, கடுமையான மூளை முடக்குவாதம் 3.5 சதவீதத்திலிருந்து 1.9 சதவீதமாகக் குறைந்தது.

ஆனால் எல்லாம் அப்படியே நம் ஊருக்குப் பொருந்திவிடாது என்பதற்கும் ஒரு பெரிய உதாரணம் நம் பக்கத்திலேயே நடந்தது. மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையைச் சில மணி நேரத்துக்குள் 33.5 டிகிரிக்குக் குளிர்வித்து மூன்று நாள் வைத்திருந்தால் மூளைச் சேதம் குறைகிறது என்பது பணக்கார நாடுகளில் நிரூபணமாகி வழக்கமாகிவிட்டது. சுதின் தய்யில் தலைமையில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு, சென்னை உட்பட இந்தியாவிலும் இலங்கையிலும் வங்கதேசத்திலுமாக ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் இதைச் சோதித்தது. 2021இல் வந்த முடிவு அதிர்ச்சி: குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தார்கள், குளிர்விக்காதவர்களில் 31 சதவீதம். இங்கே பல குழந்தைகளுக்குச் சேதம் பிரசவ நேரத்தில் சட்டென்று நடப்பதில்லை, அதற்கு முன்பே மெல்ல மெல்ல நடந்துவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. வெளிநாட்டில் பலித்தது என்பதால் கேள்வி கேட்காமல் இங்கே செய்துகொண்டே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

ஸ்டெம் செல்லைப் பற்றிக் கேட்காத பெற்றோர் கிடையாது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோன் கர்ட்ஸ்பெர்க் குழு 63 குழந்தைகளுக்கு, ஸ்டெம் செல்கள் உள்ள அவர்களுடைய தொப்புள்கொடி ரத்தத்தையே ஏற்றிப் பார்த்தது. 2017இல் வந்த அந்த முடிவில் ஒட்டுமொத்தமாக வித்தியாசம் இல்லை, அதிக அளவு செல்கள் பெற்றவர்களிடம் மட்டும் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதல் முன்னேற்றம். ஆராய்ச்சி தொடர்கிறது, தொடரட்டும். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி மூளை முடக்குவாதத்துக்கு ஸ்டெம் செல் கொடுப்பது அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நடக்கலாம். சிகிச்சை என்று சொல்லி லட்சக்கணக்கில் பில் போட்டால் ஒதுங்கிவிடுங்கள்.

இதெல்லாம் நகரத்தில், தெரபிஸ்ட் கிடைக்கும் இடத்தில் சரி, கிராமத்தில் என்ன செய்வது? தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர்சேவா சங்கம் என்று ஓர் அமைப்பு 1981 முதல் இயங்குகிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் ஆரம்பித்தது. அங்கே ஊர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கையில் ஒரு செயலியோடு குழந்தைகளின் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். அளவீடுகள் பதிவாகின்றன, தெரபிஸ்டுகள் தூரத்திலிருந்து வழிகாட்டுகிறார்கள், அம்மாவோடு உட்கார்ந்து அந்த வீட்டுக் குடத்தையும் பாயையும் வைத்தே பயிற்சி அமைகிறது. இந்தத் தரவுகளிலிருந்து ஆய்வுக் கட்டுரைகளும் வந்திருக்கின்றன. பஸ் பிடித்து, ஒரு நாள் கூலியை இழந்து, இருபது நிமிட சிட்டிங்குக்குத் தூக்கிக்கொண்டு போன அம்மாக்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

எனக்கு ஆறாத ஒரு குறை இருக்கிறது. இந்த ஆராய்ச்சிகளில் நிறைய, நடக்கக்கூடிய, ஒருபக்கம் மட்டும் பாதித்த குழந்தைகளிடம் நடந்தவை. எங்கள் பையன் மாதிரி. அவன் போகும் சென்டரில் ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒருத்தி வருகிறாள், ஐந்தாம் நிலை, உட்கார வைத்தால் சாய்ந்துவிடுவாள், சிரித்தால் உடம்பு முழுக்கச் சிரிக்கும். நான் இதையெல்லாம் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தக் குழந்தையின் அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்க பாப்பாவுக்கு இதுல என்னண்ணா இருக்கு?" என்றார். டிபன் பாக்ஸ் கதையை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உடம்புக்குப் பொருந்தும் நாற்காலி, விழுங்கும்போது புரை ஏறாமல் இருக்க உணவின் பதம், கண்ணால் படத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் பலகை, ராத்திரி அழுதால் அது வலியா என்று பார்ப்பது, இவற்றைச் சொன்னேன். இடுப்பு எக்ஸ்ரே கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டேன். எடுத்ததே இல்லை என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை அக்காவும் அவரும் ஒரே ஆட்டோவில் போய் எடுத்துவிட்டு வந்தார்கள்.